‘கிறாம்’ என்னும் சொல்லும் அவசரக் கல்வியும்

பரீட்சைக் காலம் நெருங்கிவிட்டால் நம் இல்லங்களிலே விளக்குகள் நெடுநேரம் எரியத் தொடங்குகின்றன. ஆண்டு முழுவதும் மூடிக் கிடந்த புத்தகங்கள் திறக்கப்படுகின்றன. பத்து மாதத்துப் பாடத்தைப் பத்து நாளில் விழுங்கிவிடலாம் என்ற நம்பிக்கை மாணாக்கர் உள்ளத்திலே பிறக்கின்றது. இவ்வாறு அவசர அவசரமாகப் படிப்பதைக் குறிக்க ஆங்கிலேயர் ஒரு சிறு சொல்லை வழங்குகின்றனர். ‘கிறாம்’ என்பது அச்சொல். ‘கிறாம் ஃபோர் அன் எக்ஸாமினேஷன்’ என்பது அதனாலாகிய தொடர். நம் மாணாக்கர் பலர் இதனைக் கேட்டிருப்பர். சிலர் எடுத்தாளவுஞ் செய்வர். ஆயினும் இச்சொல் எங்கிருந்து வந்தது, இதனுள்ளே பொதிந்துள்ள பழிப்பு யாது, இதனைப் பிழையின்றி வழங்குவது எங்ஙனம் என்பனவற்றைச் சிந்தித்தவர் சிலரே. அவற்றை இங்கு நோக்குவோம்.

கோழியின் தொண்டையில் தொடங்கிய சொல்

‘கிறாம்’ என்பதன் முதற்பொருள் திணித்தல், அடைத்தல், நெருக்கிச் செருகுதல் என்பதாம். பெட்டி கொள்ளாத அளவு துணிகளை அமுக்கி மூடுவதையும், பேருந்திலே மூச்சுவிட இடமின்றி மக்கள் நெருங்கி நிற்பதையும் இன்றும் ஆங்கிலத்தில் இச்சொல்லாலேயே கூறுவர். பழைய ஆங்கிலத்திலேயே இதன் வேர் காணப்படுகின்றது.

பிற்காலத்தில் இச்சொல் கோழி வளர்ப்போரின் தொழிலோடு நெருங்கிய உறவு பூண்டது. சந்தைக்கு அனுப்பும் கோழியை விரைவிற் கொழுக்கச் செய்வதற்காக, மாவைப் பிசைந்து சிறு உருண்டைகளாக்கி, பறவை விரும்பினும் விரும்பாவிடினும் அதன் தொண்டைக்குள்ளே செலுத்துவர். அம்மாவுருண்டைக்கும் ‘கிறாம்’ என்றே பெயர். கோழிக்குப் பசியில்லை, சுவையறிய நேரமில்லை, செரித்ததா என்று கேட்பாருமில்லை. குறித்த நாளிலே நிறுவைத்தட்டில் எடை காட்டினாற் போதும். பரீட்சைக்கு முன் மாணவனுக்கு நிகழ்வதும் இதுவே என்று கண்ட எவரோ ஒருவர், கோழிக்குரிய சொல்லை மாணவனுக்குச் சூட்டிவிட்டார். உவமை அத்துணைப் பொருத்தமாயிருந்தமையால் அது நிலைத்துவிட்டது.

கிறித்தவப் பக்திப் பாடல்கள் பலவற்றை இயற்றிய ஐசக் உவாட்ஸ் என்பார், மனத்தைப் பண்படுத்தும் முறைபற்றி 1741-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே, ஓயாது படித்தும் சிந்தியாதவரை, ஓயாது உண்டும் செரியாதவருக்கு ஒப்பிட்டு, இச்சொல்லை ஆண்டுள்ளார். ஆகவே, அறிவை உணவாகவும், அவசரப் படிப்பைச் செரியாத உணவாகவும் கருதும் எண்ணம் இச்சொல்லோடு கூடவே பிறந்தது எனலாம்.

டிக்கன்ஸ் காட்டிய விகடம்

இச்சொல்லுக்கு இலக்கியத்திலே அழியாத இடம் தேடிக்கொடுத்தவர் சாள்ஸ் டிக்கன்ஸ். 1836, 1837-ஆம் ஆண்டுகளில் பகுதி பகுதியாக வெளிவந்த ‘பிக்விக் பேப்பர்ஸ்’ என்னும் நவீனத்திலே பொட் என்னும் பத்திரிகாசிரியர் ஒருவர் வருகின்றார். தமது பத்திரிகையிலே சீனரின் தத்துவம்பற்றி வெளிவந்த கட்டுரைத் தொடரை அவர் பெருமையோடு குறிப்பிடுகின்றார். இத்துணை அரிய விடயத்தை எழுதியவர் எங்ஙனம் கற்றார் என்று வினவியபோது, இதற்கெனவே ‘கிறாம்’ செய்தார் என்று பொட் விடை பகர்கின்றார். அந்த எழுத்தாளர் செய்தது யாதெனின், கலைக்களஞ்சியத்தை எடுத்து, தத்துவம் என்ற தலைப்பை ஓரிடத்திலும் சீனா என்ற தலைப்பை வேறோரிடத்திலும் படித்து, இரண்டையும் ஒன்றாக இணைத்துவிட்டார்!

அவசரக் கல்வியின் குறைபாட்டை இதனினும் தெளிவாகக் காட்ட முடியாது. தத்துவமும் சீனாவும் அவரிடம் இருந்தன. சீனரின் தத்துவந்தான் இல்லை. தனித்தனிச் செய்திகள் மூளையில் இருப்பது வேறு, அவை ஒன்றோடொன்று தொடர்புற்று அறிவாக நிற்பது வேறு என்னும் உண்மையை அந்நகைச்சுவை நமக்கு உணர்த்துகின்றது.

பரீட்சைகளும் ‘கிறாமர்’களும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே பிரித்தானியாவில் பெருமாற்றம் ஒன்று நிகழ்ந்தது. இந்திய சிவில் சேவைக்கு ஆட்களைப் பரிந்துரையால் நியமிக்கும் வழக்கம் ஒழிந்து, 1855-இல் திறந்த போட்டிப் பரீட்சை தொடங்கியது. இராணுவத்திலே அதிகாரிப் பதவிகளை விலைகொடுத்து வாங்கும் முறையும் 1871-இல் ஒழிக்கப்பட்டது. குலமும் பணமும் திறந்த கதவுகளை இனிப் புள்ளிகளே திறக்க வேண்டியதாயிற்று. இது நல்ல மாற்றமே. ஆயினும், பரீட்சை எங்குண்டோ அங்கே அதற்குக் குறுக்குவழி காட்டுவோரும் தோன்றுவர். பரீட்சைக்கெனவே மாணாக்கரைத் தயார்செய்யும் தனியார் நிலையங்கள் இலண்டன் மாநகரிலே பெருகின. அந்நிலையத்துக்கும் அதனை நடத்துபவருக்கும் ‘கிறாமர்’ என்று பெயர் வழங்கலாயிற்று. இலக்கணத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் இதனையும் தமிழெழுத்திலே எழுதினால் ஏறக்குறைய ஒன்றுபோலத் தோன்றும். பொருளிலோ இரண்டும் இரு துருவங்கள்.

இத்தகைய நிலையம் ஒன்றின் உதவியால் வாழ்வில் ஏற்றம் பெற்றவருள் வின்ஸ்டன் சேர்ச்சிலும் ஒருவர். சான்ட்ஹேர்ஸ்ட் இராணுவக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சையிலே இருமுறை தவறிய அவர், கப்டன் ஜேம்ஸ் என்பவர் நடத்திய நிலையத்திலே பயின்று, 1893-இல் மூன்றாம் முறை சித்தியெய்தினார். வினாத்தாள் தயாரிப்போர் எத்தகைய வினாக்களைக் கேட்பர் என்பதை அந்நிலையத்தார் நுணுகி ஆராய்ந்து வைத்திருந்தனர் என்று தமது இளமைக்கால வரலாற்று நூலிலே சேர்ச்சில் எழுதியுள்ளார். அந்நூல் 1930-இல் வெளிவந்தது. அப்பரீட்சைக்காகத் தாம் அரும்பாடுபட்டுக் கற்ற கணித விடயங்கள், பரீட்சை முடிந்ததும் காய்ச்சற் கனவுபோல மறைந்தொழிந்தன என்றும், அதன்பின் அவற்றை வாழ்க்கையில் எங்கும் சந்திக்கவில்லை என்றும் அவரே கூறுகின்றார்.

அதே நூலிலே மற்றுமொரு செய்தியுண்டு. ஹரோப் பாடசாலையிலே இலத்தீனும் கிரேக்கமும் கற்கத் தகுதியற்றவரெனக் கருதப்பட்டமையால், சேர்ச்சில் கீழ்வகுப்பிலேயே நெடுநாள் தங்க நேர்ந்தது. அங்கே சோமர்வெல் என்னும் ஆசிரியர் ஆங்கில வாக்கியத்தைப் பகுத்து ஆராயும் முறையைக் கற்பித்தார். மற்றையோரைவிட மும்மடங்கு காலம் அவ்வகுப்பில் இருந்தமையால், ஆங்கில வாக்கியத்தின் அமைப்புத் தம் எலும்பிலே ஊறிவிட்டது என்னும் கருத்துப்பட அவர் எழுதுகின்றார். அதே மனிதருக்கு 1953-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவசரமாய்த் திணித்த கணிதம் சில நாளில் மறைந்தது; மெல்ல மெல்ல மும்முறை கற்ற மொழி உலகப் புகழைத் தேடித்தந்தது. ஒரே வாழ்க்கையிலே இருவகைக் கல்வியின் பயனையும் இவ்வளவு தெளிவாகக் காண்பது அரிது.

திணிப்புக்கும் ஒரு வழக்கறிஞர்

நடுநிலை பிறழாது கூறுமிடத்து, ‘கிறாம்’ செய்வதற்காக வாதாடியவர்களும் உளர். பொருளியல் அறிஞர் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1877-ஆம் ஆண்டிலே ‘மைன்ட்’ என்னும் சஞ்சிகையில் இச்சொல்லையே தலைப்பாகக் கொண்டு ஒரு கட்டுரை வரைந்தார். நல்ல திணிப்பு, தீய திணிப்பு என இதனை அவர் இரண்டாகப் பகுத்தார். திறமையுள்ள ஆசிரியரின் கீழ், குறித்த இலக்கை நோக்கி, முறையாகவும் முயற்சியோடும் பயில்வது முன்னையது. உண்மைகளையும் ஆண்டுகளையும் சூத்திரங்களையும் செரியாத நிலையிலே சுமந்து சென்று, பரீட்சை மண்டபத்திலே அப்படியே கொட்டிவிட்டு வருவது பின்னையது.

இப்பாகுபாடு சிந்திக்கத்தக்கது. நாளை நீதிமன்றத்திலே வாதாட வேண்டிய நியாயவாதி, தனக்குப் பழக்கமில்லாத ஒரு தொழிலின் நுட்பங்களை இன்றிரவே கற்றாக வேண்டும். வழக்கு முடிந்தபின் அவற்றை மறந்தாலும் குற்றமில்லை. விரைந்து கற்கும் ஆற்றலும் ஓர் ஆற்றலே. ஆனால், நியாயவாதிக்கு அடிப்படையான சட்ட அறிவு ஏற்கெனவே உறுதியாக உண்டு என்பதை மறத்தலாகாது. அத்திவாரம் உள்ளவனுக்கே அவசரம் பயன்படும்.

சொல்லின் சுற்றத்தார்

ஆங்கிலம் பயிலும் மாணாக்கர் இச்சொல்லின் உறவுத்தொடர்களையும் வேறுபாடறிந்து வழங்குதல் வேண்டும்.

‘பேர்ணிங் த மிட்னைட் ஒயில்’ என்பது நள்ளிரவு எண்ணெயை எரித்தல் என்னும் பொருளது. நெடுநேரம் கண்விழித்து உழைப்பதையே இது குறிக்கும், அவசரத்தையன்று. ஆண்டு முழுவதும் இரவிலே ஆராய்ச்சி செய்யும் அறிஞரையும் இதனாற் பாராட்டலாம். ‘கிறாம்’ என்பதிலே அத்தகைய பாராட்டில்லை.

‘ஸ்வொட்’ என்பது வியர்வையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. வியர்வை சிந்தப் படித்தல் என்பது கருத்து. எந்நேரமும் புத்தகமே கதியென்றிருக்கும் மாணவனைச் சக மாணவர் கேலியாக அழைப்பதும் இச்சொல்லாலேயே.

‘மக் அப்’ என்பது பிரித்தானியாவிலே ஒரு விடயத்தைக் குறுகிய காலத்திற் கற்றுக்கொள்வதைக் குறிக்கும். நம் துணைக்கண்டத்திலோ பொருளுணராது நெட்டுருப்பண்ணுதல் என்னும் பொருளிலேயே பெரிதும் வழங்குகின்றது. ஆங்கிலேயரோடு உரையாடும்போது இவ்வேறுபாட்டை நினைவிற்கொள்வது நன்று.

‘பிரஷ் அப்’ என்பது முன்னர் அறிந்து, பின்னர் மங்கிப்போன அறிவைத் துலக்கிக்கொள்ளுதல். ‘ரிவைஸ்’ என்பது கற்றதை மீளப் பார்த்தல். எனவே, ஒருபோதும் கற்காத பாடத்தை ‘ரிவைஸ்’ செய்கின்றேன் என்று கூறுவது பிழை. அதற்குப் பொருத்தமான சொல் ‘கிறாம்’ என்பதே!

‘கிறாம்’ என்பது பேச்சுவழக்குச் சொல். நண்பருக்கு எழுதும் கடிதத்திலே இதனை ஆளலாம். உத்தியோகம் வேண்டி எழுதும் விண்ணப்பத்திலே, இப்பதவிக்காக ‘கிறாம்’ செய்தேன் என்று எழுதினால், கற்றதெல்லாம் அடுத்த வாரம் மறந்துவிடும் என்று தாமே சாட்சி கூறியதாக முடியும். யப்பானிலும் கொரியாவிலும் பாடசாலை விட்டபின் மாணாக்கர் செல்லும் தனியார் கல்வி நிலையங்களை ஆங்கிலப் பத்திரிகைகள் ‘கிறாம் ஸ்கூல்’ என்றே குறிப்பிடுகின்றன. அப்பெயரிலும் ஒரு சிறு குத்தல் உண்டென்பது இப்பொழுது விளங்கும்.

ஏனைய ஐரோப்பிய மொழிகளையும் நோக்கின் வியப்பு மிகும். யேர்மானியர் இதனை ‘பியூஃபெல்ன்’ என்பர். எருமைபோலப் பாடுபடுதல் என்பது அதன் சாயல். ஸ்பானிய மொழியிலோ கோழி அடைகாப்பதைக் குறிக்கும் சொல்லே கடும் படிப்பையும் குறிக்கின்றது. ஆங்கிலேயர் கோழிக்கு இரை திணிக்கின்றனர். ஸ்பானியர் அதனை முட்டைமேல் அமர்த்துகின்றனர்!

நம் முன்னோர் கண்ட உவமைகள்

நம் மொழியும் இத்துறையிலே வறியதன்று. நூல் முழுவதையும் ஐயமறக் கற்றவரை அதனைக் ‘கரைத்துக் குடித்தவர்’ என்கின்றோம். மேலோட்டமாகப் படிப்பவனை ‘நுனிப்புல் மேய்பவன்’ என்கின்றோம். கற்றதை மீண்டும் மீண்டும் நினைப்பதை ‘அசைபோடுதல்’ என்கின்றோம். ஆங்கிலச் சொல்லைப் போலவே இவையும் அறிவை உணவாகவே கொண்டன. ஆயினும் வேறுபாடு ஒன்றுண்டு. திணித்தது வயிற்றில் கட்டியாய் நிற்கும்; கரைத்துக் குடித்தது உடலெங்கும் பரவும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம், மாணாக்கரை மூவகையாகப் பகுத்து உவமை கூறுகின்றது. தலைமாணாக்கருக்கு அன்னமும் பசுவும் உவமை. பசு, புல் கண்ட இடத்திலே வயிறார மேய்ந்து, பின்னர் ஓரிடத்தே அமர்ந்து அசைபோடும். கடைமாணாக்கருக்கு உவமையானவற்றுள் ஆடும் உண்டு, எருமையும் உண்டு, ஓட்டைக் குடமும் உண்டு. செடிதோறும் சென்று சிறிது சிறிதாகக் கடித்துச் செல்வது ஆடு. எவ்வளவு நீர் வார்ப்பினும் ஒழுகவிடுவது ஓட்டைக் குடம். பரீட்சைக்கு முதல்நாள் நிரம்பி, பரீட்சை முடிந்த மறுநாள் வெறுமையாகும் தலையைக் கண்டவர்களுக்கு அவ்வுவமை நன்கு விளங்கும்.

அவர் பாடங்கேட்கும் முறையையும் கூறுகின்றார். ஒருமுறை கேட்டவன் மீண்டும் கேட்பின் நூலிலே பிழைபடான் என்பதும், மூன்றாம் முறை கேட்பின் முறையறிந்து பிறருக்கு உரைக்க வல்லனாவான் என்பதும் அவர் கருத்து. சேர்ச்சில் ஒரே வகுப்பிலே மும்மடங்கு காலம் தங்கிக் கற்றதை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும்.

ஞாபகத்தை அளந்த அறிஞர்

நன்னூலார் அனுபவத்தாற் கண்டதை, பிற்காலத்தார் அளந்து நிறுவினர். ஹேர்மன் எபிங்ஹவுஸ் என்னும் யேர்மானிய அறிஞர் 1885-இல் ஞாபகம்பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பொருளற்ற அசைகளை வரிசை வரிசையாக எழுதி, அவற்றைத் தாமே மனனஞ் செய்து, சிலகாலங் கழித்து மீளக் கற்பதற்கு எவ்வளவு முயற்சி மிச்சமாகின்றது என்று அவர் அளந்தார். ஒரு மணி நேரத்துக்குப் பின் மிச்சமானது ஏறக்குறைய 44 வீதம். ஒரு நாளின் பின் 34 வீதம். ஆறு நாளின் பின் 25 வீதம். முப்பத்தொரு நாளின் பின் 21 வீதம். மறதி, முதற் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதியைக் கவர்ந்துவிடுகின்றது என்பது இதனாற் பெறப்படும்.

அந்நூலிலே மற்றுமோர் அரிய முடிபுண்டு. பன்னிரண்டு அசைகள் கொண்ட வரிசையை ஒரே நாளில் 68 முறை தொடர்ந்து ஓதியதனால் விளைந்த பயன், மூன்று நாட்களுக்குப் பகிர்ந்து 38 முறை ஓதியதனாலேயே கிடைத்தது. உழைப்பு ஏறக்குறையப் பாதியாயிற்று; பயனோ குறையவில்லை. அவசரம் நேரத்தை மிச்சப்படுத்துகின்றது என்று எண்ணுவோருக்கு இக்கணக்கு ஒன்றே போதும்.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் வெளியிட்ட பெருநூலிலே இதற்குக் காரணங் காட்டினார். ஒரு செய்தி பல செய்திகளோடு தொடர்புற்றிருந்தால், அதனை நினைவுக்குக் கொண்டுவரப் பல வழிகள் உண்டு. சில மணி நேரத்திலே, ஒரே சந்தர்ப்பத்திலே, ஒரே நோக்கத்துக்காகத் திணித்ததற்கு அத்தகைய தொடர்புகள் ஏற்பட இடமில்லை. சீனரின் தத்துவம் எழுதியவருக்கு நேர்ந்ததும் அதுவே.

அண்மைக்கால ஆய்வு ஒன்றையும் கூறுதல் தகும். அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ரோடிகர், காப்பிக் என்னும் இருவர் 2006-இல் இதனை வெளியிட்டனர். ஒரு தொகுதி மாணாக்கர் ஓர் உரைப்பகுதியை நான்கு முறை திரும்பத் திரும்பப் படித்தனர். மற்றொரு தொகுதியினர் ஒருமுறை படித்துவிட்டு, மூன்று முறை புத்தகம் பாராது நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடங் கழித்துச் சோதித்தபோது, முதற்றொகுதியினர் 83 வீதமும் மற்றவர் 71 வீதமும் நினைவுகூர்ந்தனர். ஒரு வாரங் கழித்துச் சோதித்தபோதோ நிலைமை தலைகீழாயிற்று: முதற்றொகுதியினருக்கு 40 வீதம், மற்றவருக்கு 61 வீதம்.

‘கிறாம்’ செய்வதன் கவர்ச்சியும் வஞ்சனையும் இவ்விரு எண்களுக்கிடையே உள்ளன. திரும்பத் திரும்பப் படித்தவனுக்கு அப்பொழுது எல்லாம் தெரிந்ததுபோலவே தோன்றும். அத்தோற்றம் பொய்யன்று, நிலையற்றது.

பெற்றோருக்கும் மாணாக்கருக்கும்

புலமைப்பரிசில் பரீட்சை தொடக்கம் உயர்தரம் வரை நம் பிள்ளைகளின் இளமை பரீட்சைகளாலேயே அளக்கப்படுகின்றது. பரீட்சையை வெறுத்து ஒதுக்குமாறு நாம் கூறவில்லை. ஏழைப் பிள்ளைக்கும் சர்வகலாசாலையின் கதவைத் திறப்பது அதுவே. ஆயினும், புள்ளி பெற்றபின் பிள்ளையிடம் எஞ்சியிருப்பது யாது என்ற வினாவையும் கேட்டல் வேண்டும். உயர்தரத்திலே சிறந்த பெறுபேறு பெற்று மருத்துவம் கற்கச் செல்பவன், இரசாயனத்தைப் பரீட்சை மண்டபத்திலேயே விட்டுச் சென்றால், நாளை அவனிடம் மருந்து வாங்குபவர் நாமே. பாலம் கட்டுபவனும், கணக்குப் பார்ப்பவனும், நம் பேரப்பிள்ளைக்கு எழுத்தறிவிக்கும் ஆசிரியனும் அவ்வாறே.

வழி கடினமானதன்று. அன்றன்று கற்ற பாடத்தை அன்றிரவு புத்தகத்தை மூடிவைத்து, நினைவிலிருந்து ஒரு தாளிலே எழுதிப் பார்க்க வேண்டும். எழுத முடியாத இடத்தை மட்டும் மீண்டும் படிக்க வேண்டும். ஒரு வாரங் கழித்து மறுமுறையும், ஒரு மாதங் கழித்து மற்றொருமுறையும் அவ்வாறே செய்க. தம்பிக்கோ தங்கைக்கோ அப்பாடத்தை விளங்கவுரைத்தல் இன்னுஞ் சிறந்தது. பெற்றோர், ‘எத்தனை மணி நேரம் படித்தாய்?’ என்று வினவுவதை விடுத்து, ‘இன்று படித்ததை எனக்குச் சொல், கேட்போம்’ என்று வினவுவாராயின், அதுவே சிறந்த துணையாகும். பாடம் தெரியாத தாயும் கேட்கலாம். பிள்ளை தடுமாறும் இடம் எதுவென்பது அவளுக்கு எளிதில் விளங்கிவிடும்.

காலத்தை வீணாக்கிவிட்டு இறுதி வாரத்தில் விழித்தெழுந்த மாணவனுக்கும் ஒன்று கூறுவோம். எல்லாவற்றையும் திணிக்க முயலற்க. ஒவ்வொரு பாடத்திலும் அடிப்படையான சிலவற்றைத் தெரிந்தெடுத்து, விளங்கிக் கற்று, எழுதிப் பழகுக. பரீட்சைக்கு முதல்நாள் இரவு உறங்குக. பகலிற் கற்றதை மூளை ஒழுங்குபடுத்தி நிலைபெறச் செய்வதற்கு உறக்கம் துணைபுரிகின்றது என்பது ஆராய்ச்சியாளர் கண்ட உண்மை. கண்விழித்துப் பெற்ற இரண்டு பக்கத்தினும், தெளிந்த தலை பெரிது. பரீட்சை முடிந்தபின் அப்புத்தகத்தை ஒருமுறையேனும் மீண்டும் திறந்து பார்ப்பவன், அவசரத்திலே விழுங்கியதையும் தன்னுடைய அறிவாக்கிக்கொள்ளலாம்.

கோழி தன் விருப்பமின்றி மாவுருண்டையை விழுங்கியது. அதற்கு வேறு வழியில்லை. பசுவுக்கோ புல்வெளியும் உண்டு, அசைபோட நிழலும் உண்டு. நம் பிள்ளைகளுக்கு அந்நிழலை அளிப்பது பெற்றோராகிய உங்களதும் ஆசிரியராகிய எங்களதும் கடமையாகும்.